கேஸைப் பார்க்கிறீர்களா, டயல் மட்டும்தானா?

விளிம்புக்காரன்

நம் ஆட்கள் புது வாட்ச் வாங்கினால் போடுகிற படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாம் டயல்தான். பச்சை டயல், ஐஸ் நீல டயல், அதில் விழுகிற வெயில். யாராவது ஒருவர் வாட்ச்சைப் பக்கவாட்டில் திருப்பி, கிரவுனுக்கு (நேரம் திருத்துகிற குமிழ்) எதிர்ப்பக்கம் கேஸின் (வாட்ச்சின் உலோக உடம்பு) சுவரைப் படம் எடுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தக் குறைக்குத்தான் இந்த இழை.

போன வாரம் மச்சானுடைய டிஸ்ஸாட் பிஆர்எக்ஸ் இரண்டு நாள் என் கையில் இருந்தது. 1978-இல் வந்த வடிவத்தை 2021-இல் திரும்பக் கொண்டுவந்தார்களே, அந்த 40 மில்லிமீட்டர் குவார்ட்ஸ். ராத்திரி சாப்பிட்டுவிட்டு டியூப் லைட்டுக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது. மேல்பரப்பு முழுக்க நீளவாக்கில் சன்னமாக இழைத்த கோடுகள், வெளிச்சம் பட்டால் மங்கலாக ஒரு பட்டை மட்டும் நகர்கிறது. அந்தப் பரப்பு பக்கச்சுவருக்கு இறங்கும் இடத்தில் மெல்லிய ஒரு சாய்வு. அது மட்டும் கண்ணாடிப் பாலிஷ். மணிக்கட்டை அரை விரற்கடை திருப்பினால் அந்தச் சாய்வில் ஒரு வெள்ளைக் கம்பி ஓடி அணைகிறது. பேட்டரி வாட்ச் ஐயா அது! எஞ்சினைப் பற்றிப் பெருமை பேச ஒன்றுமில்லை, ஆனாலும் பத்து நிமிஷம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் "கை வலிக்கிறதா?" என்று கேட்டுவிட்டார்கள்.

இந்த விளையாட்டின் மூலம் 1972-இல் ஓடிமார் பிகே வெளியிட்ட ராயல் ஓக். ஜெரால்ட் ஜென்டா வரைந்தது. எண்கோண பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்), 39 மில்லிமீட்டர், அன்றைக்கு அதுவே பெரிய அளவு, அதனால் ஜம்போ என்று பெயர் விழுந்துவிட்டது. ஸ்டீல் வாட்ச்சுக்குத் தங்க வாட்ச் விலை சொன்னார்கள், ஊர் சிரித்தது. அந்த விலைக்கு அவர்கள் காட்டிய நியாயத்தில் பாதி கேஸில்தான் இருந்தது என்பது என் எண்ணம். பெசலின் மேல்முகம் பிரஷ் (அதே சன்னக் கோடுகள்), அதைச் சுற்றி அகலமான சாய்வு பாலிஷ், பக்கச்சுவர் மறுபடி பிரஷ். மாதிரிகளை முதலில் வெள்ளைத் தங்கத்தில்தான் செய்தார்கள், ஏனென்றால் ஸ்டீலைவிடத் தங்கத்தில் அந்த மூலைமுடுக்குகளை வெட்டுவது சுலபம். இதைப் படித்த நாளிலிருந்து எந்த ஸ்டீல் வாட்ச்சைப் பார்த்தாலும் என் கண் முதலில் விளிம்புக்குத்தான் போகிறது.

என் கட்சி இதுதான்: வாட்ச்சில் போட்ட உழைப்பு தெரிய வேண்டுமா, பிரஷும் பாலிஷும் சந்திக்கிற கோட்டைப் பாருங்கள். அங்கே ஏமாற்றுவது கஷ்டம். உங்களிடம் இருக்கிற வாட்ச்சில் அந்தக் கோடு எப்படி இருக்கிறது?

—

வெயில்மணி

ஒரு கோட்டுக்காக லட்சக்கணக்கில் கொடுப்பதா? ஸ்போர்ட்ஸ் வாட்ச் என்றால் வேர்க்க வேண்டும், இடிபட வேண்டும், கிணற்றில் குதித்தால் கூடவே குதிக்க வேண்டும். நீங்கள் சொல்வது நகை. நகை என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கேஸ் வடிவமைப்பு என்றால் எனக்கு 1983-இல் கேசியோ விட்ட ஜி-ஷாக்தான். அதை உருவாக்கிய கிகுவோ இபே மூன்று பத்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்: 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், 10 பார் நீரழுத்தம் தாங்க வேண்டும், பேட்டரி 10 வருடம் வர வேண்டும். எங்கே விழுந்தாலும் கண்ணாடி தரையைத் தொடாதபடி பெசல் மேடாக நிற்கிறது, பட்டன்கள் பள்ளத்தில் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் வெள்ளைக் கம்பிக்கு என்ன காரணம்?

—

கோவை லேத்

இருபத்திரண்டு வருடம் மெஷின் ஷாப்பில் நின்றவன். பம்ப் பாகங்கள்தான் எங்கள் தொழில், வாட்ச் இல்லை. ஆனாலும் ஸ்டீல் எங்கே போனாலும் ஸ்டீல்தான், அதனால் நாலு வார்த்தை.

வெயில்மணி கேட்ட காரணத்தை நான் சொல்கிறேன். கூரான மூலை சட்டையைக் கிழிக்கும், கையைக் கீறும், இடிபட்டால் முதலில் அதுதான் நசுங்கும். எந்த ஜாபிலும் கடைசியில் பிசிறு தட்டி மூலையைக் கொஞ்சம் சாய்த்து விடுவோம், அதற்குப் பெயர் சாம்ஃபர். வாட்ச்காரர்கள் அதே சாம்ஃபரை அகலப்படுத்தி, பளபளப்பாக்கி, அழகு என்று காசு வாங்குகிறார்கள். அவர்கள் சாமர்த்தியம்.

ஆனால் கஷ்டமான வேலை என்பதில் விளிம்புக்காரன் சொன்னது சரி. வாட்ச் கேஸுக்குப் பெரும்பாலும் 316எல் என்கிற துருப்பிடிக்காத ஸ்டீல். அச்சில் வைத்து அடித்து உருவம் எடுப்பார்கள், இல்லாவிட்டால் நேராகக் கம்பியிலிருந்து சிஎன்சியில் (கம்ப்யூட்டர் ஓட்டுகிற மெஷின்) குடைவார்கள். அச்சில் அடிக்க அடிக்க இந்த ஸ்டீல் இறுகிக்கொண்டே போகும், அதனால் நடுநடுவே சூளையில் சுட்டு இளக்கி, மறுபடி அடிக்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகு வருவதுதான் ஃபினிஷிங், கைக்காரனுடைய பொறுமை தெரிவது அங்கேதான்.

பாலிஷ் போடத் துணி வீலில் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். துணி மெத்தென்றிருக்கும், தட்டையான முகத்தை மட்டும் தேய்க்காது, விளிம்பைத் தாண்டி மடங்கிப் போய் மூலையையும் தின்னும். பளபளப்பு வரும், கூர்மை போகும். அரிவாளைச் சாணைக்கல்லில் பிடிப்பதற்கும் சாக்கில் தேய்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அதனால்தான் தட்டையான முகம் தட்டையாகவே இருக்க வேண்டுமென்றால், சுழலும் தட்டின் கெட்டியான முகத்தில் கேஸை ஒரே கோணத்தில் பிடிப்பார்கள். கிராண்ட் செய்கோவில் ஜராட்சு என்கிறார்களே, அது இந்த வகைதான். பெயரைக் கேட்டால் ஏதோ சாமுராய் வித்தை போல இருக்கும்; அந்த பாலிஷ் மெஷின் செய்த கம்பெனியின் பெயர் சல்லாஸ், ஜப்பானிய வாயில் நுழைந்து ஜராட்சு ஆகிவிட்டது, அவ்வளவுதான். பிடிக்கிற கோணத்தையும் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வது இன்றைக்கும் ஆளுடைய கைதான்.

அதற்கப்புறம் ஒரு முகம் பிரஷ், பக்கத்து முகம் பாலிஷ் என்றால், எதை முதலில் முடித்தாலும் முடித்ததை மூடி வைத்துக்கொண்டுதான் அடுத்ததைத் தொட வேண்டும். கை ஒரு நூல் வழுக்கினால் கோடு போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். டியூப் லைட்டின் பிம்பத்தைப் பாலிஷ் பரப்பில் பிடியுங்கள். பரப்பு தட்டையாக இருந்தால் லைட் விளிம்பு வரைக்கும் நேராகப் போய் டக்கென்று வெட்டுப்பட்டு நிற்கும். துணி வீல் வேலையென்றால் விளிம்புக்குக் கிட்டே போகும்போதே அது வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும்.

—

விளிம்புக்காரன்

அண்ணே, வாழைப்பழச் சோதனை பிரமாதம். என் பெட்டியில் இருந்த ஐந்தையும் வரிசையாகப் பிடித்துப் பார்த்தேன். மூன்று வாழைப்பழம்.

கிராண்ட் செய்கோ பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1967-இல் வந்த 44ஜிஎஸ்ஸின் படத்தைத் தேடிப் பாருங்கள். டிசைனர் டாரோ தனாகா அந்தக் கம்பெனிக்கு ஒரு வடிவ இலக்கணமே வகுத்தார்: முடிந்தவரை தட்டையான முகங்கள், வளைவு வேண்டுமென்றால் ஒரே திசையில் மட்டும் வளைவு, முகங்கள் சேரும் இடம் கூர். அந்த லக்குகளை (பட்டையைப் பிடிக்கிற கால்கள்) பார்த்தால் மடித்த காகிதம் போல இருக்கும். இன்றைக்கு அவர்கள் செய்கிற ஸ்போர்ட்ஸ் வாட்ச்களிலும் அந்தச் சாடை மாறவில்லை.

—

புதுக்கம்பி

நான் இந்தப் பக்கத்துக்குப் புதுசு. எனக்கு அக்கா ஒரு சிட்டிசன் டைட்டானியம் வாங்கிக் கொடுத்தாள். கையில் கட்டியிருப்பதே தெரியவில்லை, அவ்வளவு லேசு. ஆனால் நிறம் ஸ்டீல் மாதிரி வெள்ளையாக இல்லாமல் மழை மேகம் மாதிரி சாம்பலாக இருக்கிறது, எங்கேயும் பாலிஷ் இல்லை. இது மட்டமான ஃபினிஷிங்கா, டைட்டானியமே இப்படித்தானா? தெரியாமல்தான் கேட்கிறேன், சிரிக்காதீர்கள்.

—

கோவை லேத்

இதில் சிரிக்க என்னம்மா இருக்கிறது. டைட்டானியத்தில் கிரேடு உண்டு. கிரேடு 2 என்பது கிட்டத்தட்டச் சுத்தமான டைட்டானியம், மிருதுவாக இருக்கும், கருஞ்சாம்பல் நிறம், கண்ணாடிப் பாலிஷுக்கு எளிதில் மசியாது. கிரேடு 5 என்பது அலுமினியமும் வனேடியமும் கலந்தது, அதைவிடக் கெட்டி, நன்றாகப் பாலிஷ் ஏறும். ஆனால் இரண்டுமே வெட்டுவதற்குத் தொந்தரவு: சூட்டை வெளியே விடாது, டூல் முனையிலேயே சூடு தேங்கி முனையைத் தின்னும். அதனால் டைட்டானியத்தில் கூரான மூலையும் பாலிஷ் சாய்வும் பார்த்தால் நான் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன். எடை கிட்டத்தட்ட ஸ்டீலில் பாதி, உங்கள் கைக்கு லேசாகத் தெரிவது அதனால்தான்.

முதல் டைட்டானியம் கைக்கடிகாரமே சிட்டிசனுடையதுதான், 1970-இல் வந்த எக்ஸ்-8. ஆகவே டைட்டானியத்தில் அவர்கள் கத்துக்குட்டி கிடையாது. உங்கள் வாட்ச்சின் பின்மூடியில் டியூராடெக்ட் என்று எழுதியிருந்தால் மேற்பரப்பை இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம், கதவு நிலையில் உரசினாலும் சீக்கிரம் கீறாது.

—

சிராங்கூன் சேகர்

விளிம்புக்காரன், ராயல் ஓக் பற்றி எழுதிவிட்டு அந்த எட்டு ஸ்க்ரூவை விட்டுவிட்டீர்களே. எட்டின் பள்ளமும் வட்டத்தை ஒட்டியே அழகாக வரிசையாக நிற்கும். ஒருவன் ஸ்க்ரூ டிரைவரால் திருகி எட்டையும் அப்படிச் சரியாக நிறுத்தியிருக்க முடியுமா? முடியாது. அவை வெள்ளைத் தங்கத்தில் செய்த அறுகோணத் தலைகள், பெசலில் அறுகோணக் குழியில் உட்கார்ந்திருக்கின்றன, திரும்பவே திரும்பாது. முடுக்குவது பின்பக்கத்திலிருந்து. முன்னால் தெரிகிற பள்ளம் சும்மா தோரணம்.

இதற்கு நேர் எதிரான கதை ஐடபிள்யூசி இன்ஜெனியர். 1976-இல் அதே ஜென்டா வரைந்தது. பெசலில் ஐந்து குழி. அந்த பெசலையே மரை போட்டு கேஸில் திருகி முடுக்கினார்கள், குழி அதைத் திருகுகிற சாவிக்காக. அதனால் முடுக்கி முடித்தபோது குழிகள் எங்கே நின்றனவோ அங்கேதான். ஒரு வாட்ச்சில் 12 மணிக்கு நேரே இருக்கும், இன்னொன்றில் தள்ளிப் போயிருக்கும். 2023-இல் புது இன்ஜெனியர் வந்தபோது அந்த ஐந்தையும் நிஜ ஸ்க்ரூவாக்கி, எல்லா வாட்ச்சிலும் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்துவிட்டார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அந்தப் பழைய கோணல்தான் பிடிக்கும். நேர்மையான கோணல்.

அதே 1976-இல் ஜென்டா பட்டேக் பிலிப்புக்கு வரைந்த நாட்டிலஸையும் கூட வைத்துப் பாருங்கள். கப்பல் ஜன்னல் யோசனை, இரண்டு பக்கமும் காது. அந்தக் காது அழகுக்காக ஒட்டினது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய 3700 மாடலில் பெசலையும் கேஸையும் சேர்த்துப் பிடிப்பதே அந்தக் காதுகள்தான், பக்கவாட்டு ஸ்க்ரூ அதற்குள்ளே போகிறது. இங்கே ஒரு கடையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்த்ததோடு சரி, தொட்டுப் பார்க்கும் வசதி அடியேனுக்கு இல்லை.

—

வெயில்மணி

சரி சரி, காது, ஸ்க்ரூ எல்லாம் வேலை செய்கிறது என்றால் எனக்குச் சம்மதம். வேலை செய்யாத தோரணம்தான் எனக்கு ஆகாது. அந்த ராயல் ஓக் பள்ளத்தை இனிமேல் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

—

சாயங்கால மணி

ரொம்ப நாளாகப் படிக்கிறவன், எழுதுவது குறைவு. இந்த இழையில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பா விட்டுப்போன ஒரு டைவர் வாட்ச் (கடலில் முங்குகிறவர்களுக்கான வகை) இருந்தது. முப்பது வருடக் கீறல், ஒரு லக்கில் மட்டும் ஆழமாக ஒரு வெட்டு, அது ஸ்கூட்டரிலிருந்து விழுந்த அன்றைக்கு வந்தது, நான் பின்சீட்டில் இருந்தேன். தங்கை கல்யாணத்துக்குக் கட்டலாம் என்று சர்வீஸுக்குக் கொடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம். "பாலிஷ் போடவா சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

புதுசு மாதிரிதான் வந்தது, ஆனால் வேறு ஏதோ ஒரு வாட்ச் புதுசானது மாதிரி. லக்கின் மேல் இருந்த பிரஷ் கோடு இல்லை, ஓரச் சாய்வு இல்லை, எல்லாம் ஒரே வழுவழுப்பு. வாரக்கடைசியில் குளியலறையில் மிஞ்சியிருக்கும் சோப்புத் துண்டு எப்படி இருக்கும், லக் அப்படி இருந்தது. ஸ்கூட்டர் வெட்டும் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் பளபளவென்று இருக்கிறது என்றார்கள், அம்மா மட்டும் கையில் வாங்கி அந்த லக்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.

கோவை லேத் அண்ணே, இதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

—

கோவை லேத்

தம்பி, போன உலோகம் போனதுதான். லேசர் வெல்டிங்கில் அதே ஸ்டீலைத் துளித்துளியாக ஏற்றி, மறுபடி தட்டையாக அறுத்து, சாய்வு எடுத்து, கோடு இழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காசும் ஆகும், பழைய படமோ அதே மாதிரி இன்னொரு வாட்ச்சோ கையில் இல்லாமல் கோணமும் தெரியாது. இன்னொரு தடவை பாலிஷ் போட்டு "சரி பண்ணுகிறேன்" என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள், இருக்கிற கொஞ்சமும் கரையும். எஞ்சின் ஓடுகிறதல்லவா? அப்படியே கட்டுங்கள். புதுக் கீறல்கள் உங்களுடையதாக விழட்டும்.

மற்றவர்களுக்கு: சர்வீஸ் சீட்டிலேயே "பாலிஷ் வேண்டாம்" என்று எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னால் போதாது.

—

சிராங்கூன் சேகர்

இதைப் படித்துவிட்டு என் பிளாக் பே 58-ஐ எடுத்து லக் சாய்வைப் பார்த்துக்கொண்டேன். 2018-இல் டியூடர் இதை 39 மில்லிமீட்டரில் விட்டபோது பேசப்பட்டதெல்லாம் அளவுதான். என்னைக் கேட்டால் லக்கின் வெளி ஓரத்தில் ஓடுகிற அந்தச் சாய்வுக்குத்தான் பாதிப் பெருமை. பழைய ரோலெக்ஸ், டியூடர் டைவர்களில் புதிதாக வாங்கும்போது அந்தச் சாய்வு இருக்கும், பாலிஷ் மேல் பாலிஷ் போட்டுப் பல வாட்ச்களில் கரைந்துபோயிருக்கும். பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

அளவு பேச்சு வந்ததால் இன்னொன்று. மில்லிமீட்டர் கணக்கை மட்டும் வைத்து வாட்ச்சைத் தள்ளிவிடாதீர்கள். 2010-இல் வந்த ரோலெக்ஸ் சப்மரைனர் 40தான், ஆனால் லக் தடித்து, தோள் விரிந்து, கையில் சதுரப் பெட்டி மாதிரி உட்கார்ந்தது. 2020-இல் வந்தது 41. லக்கை மெலிதாக்கி, பிரேஸ்லெட்டைக் கொஞ்சம் அகலப்படுத்தினார்கள், பார்வைக்குப் பழையதைவிடச் சின்னதாகத் தெரிகிறது! ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் 42, சொன்னால் ஒல்லிக் கைக்காரர்கள் பயப்படுவார்கள். லக் முறுக்கிக்கொண்டு கீழே இறங்குவதால் என் மெலிந்த கையிலேயே அடக்கமாக நிற்கிறது. வாங்குமுன் லக் முனைக்கும் லக் முனைக்கும் எவ்வளவு என்று கேளுங்கள், தடிமன் கேளுங்கள், முடிந்தால் கட்டிப் பாருங்கள்.

—

விளிம்புக்காரன்

கட்டிப் பார்ப்பது என்றதும் பிஆர்எக்ஸில் எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளம்பரம் என்பீர்கள். பிரேஸ்லெட் கேஸோடு சேர்ந்தே பிறந்தது, அதனால் முதல் கண்ணி அவ்வளவாகத் தழையாது. என் மணிக்கட்டில் இரண்டு பக்கமும் ஒரு சந்து, விரல் நகம் போகும். ராயல் ஓக் பாணியில் செய்கிற எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கை கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் தெரியாது.

—

வெயில்மணி

ஒரு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன், இப்போது ஒரு வாக்குமூலம்.

உங்களை மடக்கலாம் என்று ஜி-ஷாக் பற்றித் தேடினேன். தேடியதில் என் தலையிலேயே விழுந்தது. 2018-இல் அந்தப் பழைய சதுரத்தை முழுக்க ஸ்டீலில் செய்தார்கள், அது தெரியும். 2022-இல் எம்ஆர்-ஜி என்று டைட்டானியத்தில் ஒன்று செய்திருக்கிறார்கள், அதன் பெசலை மட்டும் 25 துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஏன் தெரியுமா? ஒரே துண்டாக இருந்தால் அந்தப் பள்ளங்களின் உள்மூலைகளில் பாலிஷ் கருவி போகாதாம். தனித்தனியாகப் பாலிஷ் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், நடுவில் அதிர்ச்சி தாங்கும் ஏற்பாட்டோடு. அட ராமா, ஜி-ஷாக்கிலேயே உங்கள் வெள்ளைக் கம்பி வந்துவிட்டது.

வாங்கப் போவதில்லை. அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் கறவை மாடு கன்றோடு வரும். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ராத்திரி ஒரு மணி வரைக்கும் பார்த்தேன், மறுக்கவில்லை.

—

விளிம்புக்காரன்

வாருங்கள் ஐயா, உட்காருங்கள்.

—

புதுக்கம்பி

லேத் அண்ணா, பின்மூடியில் டியூராடெக்ட் என்று எழுதியிருக்கிறது! இன்னொன்றும் பார்த்தேன். பாலிஷே இல்லை என்று சொன்னேன் அல்லவா, பெசலின் உள் ஓரத்தில், கண்ணாடியை ஒட்டி, தலைமுடி அகலத்துக்கு ஒரு வளையம் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதமாகக் கட்டுகிறேன், நேற்றுத்தான் கண்ணில் பட்டது. டியூப் லைட் பிடித்தேன், ஆனால் அவ்வளவு சன்னத்தில் வாழைப்பழமா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு சந்தேகம். பிரேஸ்லெட் கண்ணிகளுக்கு நடுவே கறுப்பாக அழுக்கு சேர்கிறது, பிரஷ் கோடு மங்குகிறது. தேய்த்தால் கோடு போய்விடுமோ என்று தொடவே பயமாக இருக்கிறது.

—

கோவை லேத்

கிரவுனை நன்றாக அழுத்தியோ திருகியோ மூடிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, பழைய மெதுவான டூத் பிரஷ். கோடு ஓடுகிற திசையிலேயே தேயுங்கள், குறுக்கே வேண்டாம். அது வேர்வையும் தூசியும்தான், கோடு அடியில் பத்திரமாக இருக்கும். ஸ்டீல் நார், சாம்பல், பற்பசை எதுவும் கிட்டே வரக்கூடாது.

—

சாயங்கால மணி

பற்பசையும் அந்தப் பட்டியலில் உண்டா? சரி, இன்னொரு வாட்ச்சைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை.